500 வயது வீட்டுக்கு எந்தக் கூரை? நீள்வைக்கோலா, சீவிய தாளா, நாணலா?

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறிய நண்பர் குடும்பம் கூரை விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறது. வளைந்த ஓக் மரங்களை நிறுத்திக் கட்டிய 15ஆம் நூற்றாண்டு வீடு. வைக்கோல் கூரை. முகட்டை ஒட்டிப் பள்ளம் விழுந்துவிட்டது, வடக்குச் சரிவில் பாசி ஏறிவிட்டது, வைக்கோலைப் பிடித்திருக்கும் குச்சிகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டன. குச்சி தெரிந்தால் மேல் அடுக்கின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

மூன்று பேரை அழைத்து விலை கேட்டார்கள். மூவரும் மூன்று பொருளைச் சொன்னார்கள். ஒருவர் பழையபடி வைக்கோலே போடலாம் என்றார். இன்னொருவர் சீவிய கோதுமைத் தாள் என்றார். மூன்றாமவர், "நாணல் போடுங்கள், உங்கள் காலத்துக்கும் கவலை இல்லை" என்றார். அந்த மூன்றாவது பேச்சுத்தான் அவர்களை இழுக்கிறது. யாரைத்தான் இழுக்காது?

இதே குழப்பத்தில் வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

## முதலில் வீட்டைப் புரிந்துகொள்வோம்

இந்த மாதிரி வீடுகளில் பாரத்தைச் சுமப்பது சுவர் இல்லை, மரக்கூடு. பச்சை ஓக் மரத்தை வெட்டி, தச்சுக்களத்தில் தரையில் படுக்கவைத்தே முழுக் கூட்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பொருத்திலும் உளியால் ரோமன் எண்களைப் போலக் கோடு கீறுவார்கள். பிறகு பிரித்து, மனைக்குக் கொண்டுபோய், எண் பார்த்து நிமிர்த்துவார்கள். இரும்பு ஆணி கிடையாது. துளையில் கழுந்தைச் செருகி ஓக் முளை அடிப்பதோடு சரி. மரம் காயக் காயப் பொருத்து இறுகும், கூடே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். இன்று இந்த வீடுகள் சாய்ந்தும் நெளிந்தும் நிற்பதற்கு வயதைப் போலவே இதுவும் காரணம்.

இங்கிலாந்தின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் க்ரக் என்ற முறை பரவலாக இருந்தது. வளைந்த ஒரே மரத்தை நடுவில் பிளந்தால் ஒன்றுபோல இரண்டு வளைவுகள் கிடைக்கும். அவற்றைத் தரையிலிருந்து முகடு வரை எதிரெதிரே நிறுத்தினால் கூரையின் பாரம் நேராக நிலத்துக்கு இறங்கிவிடும். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே பிறந்த வீட்டின் பழைய பகுதி இப்படிக் கட்டியதுதான். 1463 என்று காலம் சொல்கிறார்கள். தென்கிழக்கில் இந்த முறையைக் காண முடியாது. அங்கே தூண், விட்டம், கைமரம் என்று பெட்டி மாதிரிக் கட்டுவார்கள். சஸ்ஸெக்ஸில் உள்ள ஆல்ஃப்ரிஸ்டன் பாதிரியார் இல்லம் அந்த வகை. இந்த 14ஆம் நூற்றாண்டு வீட்டை, பழங்கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே அதுதான். அதன் கூடத்துத் தரை, சுண்ணக்கட்டியை இடித்துப் பரப்பிப் புளித்த பால் விட்டு இறுக்கியது.

மரக்கூட்டின் இடைவெளிகளில் ஓக் குச்சிகளை நட்டு, ஹேசல் என்ற புதர்மரத்தின் மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் மிதித்துக் குழைத்து இருபுறமும் அப்புவார்கள். நம் ஊரில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கூரைக்கு வருவோம். இந்த வீடுகள் கட்டப்பட்டபோது புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவில் தரையிலேயே அடுப்பு எரியும். புகை மேலே ஏறி, கைமரத்தையும் வைக்கோலின் அடிப்பக்கத்தையும் கறுக்கவைத்து, கூரையின் சந்துகள் வழியே கசிந்து வெளியேறும். 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பெரும்பாலான வீடுகளில் செங்கல் புகைபோக்கி வைத்து, கூடத்துக்கு மேல் மாடி போட்டு, கூரையின் அடிப்பக்கத்தை மூடினார்கள். அப்படியானால் ஒரு கூரையின் அடி வைக்கோலில் புகைக்கரி அடைந்திருந்தால், அந்த வைக்கோல் புகைபோக்கி வருவதற்கு முன்பே வேய்ந்தது. அதாவது இடைக்காலத்து வைக்கோல். அதே இடத்தில், கட்டிய கட்டு அவிழாமல், இன்னும் இருக்கிறது.

நான் இதை முதலில் பார்த்தது டெவனில், மண்சுவர் வீடு ஒன்றின் பரணில். முழங்காலில் ஊர்ந்துபோய் டார்ச் அடித்தேன். மேலே முழுக்கக் கறுப்பு, தார் பூசியது போல மினுங்கியது. விரலால் தொட்டதும் மை ஒட்டிக்கொண்டது. கிட்டே பார்த்தால் கோதுமைக் கதிர் ஒன்று கூர் முடியோடு அப்படியே இருந்தது. அதை வரிச்சோடு சேர்த்துக் கட்டியிருந்த வைக்கோல் பிரியின் முறுக்குக்கூடத் தளரவில்லை. யாரோ ஒருவர் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் திரித்த பிரி அது.

இப்படிப்பட்ட அடிக்கூரை இன்னும் மிஞ்சியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை டெவனில் உள்ளன. தெற்கு இங்கிலாந்தின் வேறு மாவட்டங்களிலும் சில உண்டு. 1990களில் ஜான் லெட்ஸ் என்ற தொல்தாவரவியலாளர் இந்தக் கறுத்த வைக்கோலை ஆராய்ந்தார். சாதாரண கோதுமை, ரிவெட் என்ற இன்னொரு கோதுமை வகை, ரை என்ற தானியம் எல்லாம் அதில் இருந்தன. ஒரே வயலில் பல வகை கலந்து விளைந்ததற்குச் சான்று கிடைத்தது. கூடவே அந்த வயலின் களைகளும் இருந்தன. புகைக்கரி பூச்சியை அண்டவிடாமல் காத்ததால் மிஞ்சிய பயிர் அது. வேறு எங்கும் இப்படி முழுத் தாளும் கதிருமாகக் கிடைக்காது.

எந்தப் பொருள் என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இந்தப் பரணில்தான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

## எதை வைத்து எடைபோடுவது

என் வரிசை இது. கூரைக்கு அடியில் பழைய அடுக்கு இருக்கிறதா, புதுவேலையில் அது தப்புமா? பழைய கைமரங்களின் நெளிவுக்கு இந்தப் பொருள் ஒத்துப்போகுமா? முகடு, வலை, பழுது எல்லாம் சேர்த்து ஆயுள் எவ்வளவு? பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களின் அரசுப் பட்டியலில் உள்ள வீடு என்றால் உள்ளாட்சி அனுமதி கிடைக்குமா? கடைசியாக, அந்தப் பொருளும் அதில் கைதேர்ந்த ஆளும் பக்கத்தில் கிடைப்பார்களா?

விலையை ஏன் முதலில் வைக்கவில்லை என்றால், மூன்று விலைச்சீட்டும் ஒரே வேலைக்கான விலையே இல்லை. ஒன்று மேல் அடுக்கை மட்டும் மாற்றும் விலை. இன்னொன்று எலும்புவரை உரித்துப் புதிதாகப் போடும் விலை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தவறு.

| | நீள்வைக்கோல் | சீவிய கோதுமைத் தாள் | நாணல் |
|---|---|---|---|
| வழக்கமாகச் சொல்லும் ஆயுள் | 15–25 ஆண்டு | 25–35 ஆண்டு | 40–60 ஆண்டு |
| பழைய அடுக்கு | தப்பும் | தப்பும் | பெரும்பாலும் போய்விடும் |
| நெளிந்த கைமரம் | நன்றாக ஒத்துப்போகும் | ஒத்துப்போகும் | சமப்படுத்த வேண்டும் |
| சொந்த மண் | நடு, கிழக்கு, தெற்கு மாவட்டங்கள் | டெவன், டார்செட், சாமர்செட் | நார்ஃபோக் நீர்நிலைகள் |
| மறைந்திருக்கும் செலவு | வலை, அடிக்கடி சாரம் | நல்ல தாளுக்குக் காத்திருப்பு | உரிப்பு, மரவேலை, முகடு |

ஆயுள் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மரநிழல் விழும், ஈரம் தங்கும், சரிவு குறைந்த கூரையில் எந்தப் பொருளும் சீக்கிரம் மக்கும். சரிவு 45 பாகைக்குக் குறையக் கூடாது. 50 இருந்தால் நல்லது.

## நீள்வைக்கோல்

லாங் ஸ்ட்ரா என்பதைத்தான் நீள்வைக்கோல் என்கிறேன். கதிரடிக்கும் இயந்திரத்தில் அடித்த வைக்கோல். தாள் கொஞ்சம் நசுங்கியிருக்கும். அதைத் தரையில் படுக்கையாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையால் இழுத்து இழுத்துச் சீர்செய்து கற்றையாக்குவார்கள். தூரும் கதிர்முனையும் கலந்தே இருக்கும். கூரையில் ஏறிய பிறகு, மேலிருந்து ஊற்றியது போல மெத்தென்று வழிந்து நிற்கும். இறவாரத்திலும் ஓரங்களிலும் ஹேசல் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்திருப்பார்கள். தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

இதன் பெரிய பலம், பழையதன் மேலேயே ஏறும் என்பது. மக்கிய மேல் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, புது வைக்கோலைப் பழைய வைக்கோலிலேயே ஸ்பார் குச்சியால் தைத்துவிடுவார்கள். ஸ்பார் என்பது ஹேசலைப் பிளந்து, இரு முனையும் சீவி, நடுவில் கையால் முறுக்கி மடக்கிய கொண்டை ஊசி. வளைத்தால் ஒடியும், முறுக்கி வளைத்தால் ஒடியாது. அந்த ஒரு நொடி மணிக்கட்டுத் திருப்பலைப் பார்ப்பதற்காகவே ஒருநாள் வேலைநடக்கும் இடத்தில் போய் நிற்கலாம்.

அடிக்கூரை அசையாது, கைமரத்தில் கை வைக்க வேண்டாம், வீட்டின் நெளிவுக்கு ஏற்ப வைக்கோலும் நெளிந்து உட்காரும். பக்கிங்ஹாம்ஷயர், நார்த்தாம்ப்டன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் பக்கங்களின் சொந்தக் கூரை இதுதான் என்பதால் அனுமதியிலும் சிக்கல் குறைவு.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலாவது, வலை. குருவிகள் வைக்கோலை உருவும் என்பதால் கூரை முழுக்கக் கம்பிவலை போர்த்த வேண்டும். வலையில் இலையும் பாசியும் தங்கும்; அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தீப்பிடித்தால் வைக்கோலைப் பிடுங்கி எறிய வலை தடையாகும். இரண்டாவது, 20 ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்ட வேண்டும். மூன்றாவதை யாரும் சொல்ல மாட்டார்கள்: அடுக்கு மேல் அடுக்காகக் கூரை தடித்துக்கொண்டே போகும், முகடு உயரும், புகைபோக்கி மட்டும் அதே உயரத்தில் நிற்கும். புகைபோக்கியின் வாய் கூரைக்கு மேல் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. ஒவ்வொரு முறை வேய்ந்த பிறகும் இதை அளந்து பாருங்கள். தேவைப்பட்டால் புகைபோக்கியை உயர்த்தும் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

வைக்கோல் கிடைப்பதும் லேசில்லை. இன்றைய கோதுமை குட்டை. போதாததற்கு அறுவடை இயந்திரம் தாளை நொறுக்கிவிடும். கூரைக்கென்றே மாரிஸ் விட்ஜன் போன்ற நெட்டை வகைகளை விதைத்து, தழைச்சத்து உரத்தைக் குறைத்து, பழைய கட்டுப்போடும் இயந்திரத்தால் அறுத்து, வயலிலேயே கட்டுகளைச் சாய்த்துக் காயவைக்கும் விவசாயிகள் சிலர் இருக்கிறார்கள். அறுவடையின்போது மழை பிடித்தால் அந்த வருடம் தட்டுப்பாடுதான்.

இது சரியான தேர்வு: பரணில் பழைய அடுக்கு இருக்கும் வீடு, க்ரக் வீடு, நடு மற்றும் கிழக்கு மாவட்ட வீடு.

## சீவிய கோதுமைத் தாள்

இதுவும் அதே கோதுமைதான். கதிரடிக்காமல், சீப்பு போன்ற இயந்திரத்தில் விட்டு மணியையும் இலையையும் மட்டும் வாரி எடுப்பார்கள். தாள் நசுங்காது. தூரெல்லாம் ஒரே பக்கம் வரும்படி கட்டி, கூரையில் தூர் வெளியே தெரிய அடுக்கி, லெகட் என்ற வரிவெட்டிய பலகையால் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். பார்வைக்கு நாணல் போல வழுவழுப்பாக இருக்கும். ஆங்கிலப் பெயரிலும் "ரீட்", அதாவது நாணல், என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் பலர் இதை நாணல் என்றே நினைத்துவிடுகிறார்கள். விலைச்சீட்டில் வெறுமனே "ரீட்" என்று இருந்தால் எந்த ரீட் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பழைய அடுக்கின் மேலேயே இதையும் தைக்கலாம், ஆயுளும் கூடுதல். டெவன், டார்செட் வீட்டுக்கு இதைவிட்டு வேறு யோசிக்கவே வேண்டாம். பக்கிங்ஹாம்ஷயரில் என்றால் நான் தயங்குவேன். அடிக்கூரை தப்பினாலும் வீட்டின் முகம் மாறிவிடும், மெத்தென்ற வழிவு போய்விடும். பட்டியலில் உள்ள வீட்டில் வைக்கோலின் வகையை மாற்றவும் அனுமதி கேட்கச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பக்கம் நீள்வைக்கோலில் தேர்ந்த ஆள் கிடைக்கவே இல்லை என்றால், அரைகுறையாகப் போட்ட நீள்வைக்கோலைவிட நன்றாகப் போட்ட சீவிய தாள் எவ்வளவோ மேல்.

## நாணல்

நார்ஃபோக் நீர்நிலைகளில் குளிர்காலத்தில் அறுக்கும் நாணல். பனியில் இலை உதிர்ந்து தண்டு மட்டும் நிற்கும்போது அறுப்பார்கள். உறுதியான பொருள், சந்தேகமில்லை. நார்ஃபோக்கில் காலங்காலமாக நாணல் போட்டுவரும் வீட்டுக்கு இதுவே சரி. லண்டனில் 1997இல் திறந்த குளோப் நாடக அரங்கின் கூரையும் நாணல்தான். 1666 பெருந்தீக்குப் பிறகு அந்நகரில் வேயப்பட்ட முதல் கூரை அது. ஆனால் குளோப் புதுக் கட்டடம். அதற்கு அடியில் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இருக்கலாம். நாணலை வைக்கோலில் தைத்தால் நிற்காது. கைமரத்தோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் கைமரம் தெரியும்வரை எல்லாவற்றையும் உரித்தெடுப்பார்கள். 500 ஆண்டு அடுக்குகள் இரண்டு நாளில் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். நான் ஒருமுறை தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்ற இரும்புத் தொட்டியில் கறுத்த வைக்கோல் மழையில் நனைந்து கிடந்தது. வேலை செய்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. ஒரு பிடி எடுத்து வந்தேன். இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அன்று அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கும் கூரை போட்டு முடித்த பிறகுதான் புரிந்தது.

பணக் கணக்கும் சொல்கிறேன். உரிப்பதற்கும் அள்ளிக்கொண்டுபோவதற்கும் கூலி. வெளியே வந்த இடைக்காலக் கைமரங்கள் ஒன்றுகூட நேராக இருக்காது. நாணல் சமமாக உட்கார வேண்டும் என்பதால் பக்கத்தில் புது மரம் ஒட்டிச் சமப்படுத்த வேண்டும். முடிந்ததும் கூரை இஸ்திரி போட்டது போல நிற்கும், கீழே வீடு நெளிந்து நிற்கும். பிறகு முகடு. நாணல் விறைப்பானது, முகட்டில் மடங்காது. அங்கே கோரையோ வைக்கோலோதான் போட வேண்டும். அது 10–15 ஆண்டுக்கு ஒருமுறை தேயும். 50 ஆண்டுக் கூரை என்றால் இடையில் மூன்று நான்கு முறை முகட்டுக்காகச் சாரம் ஏறும். "உங்கள் காலத்துக்கும் கவலை இல்லை" என்ற பேச்சில் இது வராது.

இங்கிலாந்தில் போடும் நாணலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. துருக்கி, ஹங்கேரி, ருமேனியா, உக்ரைன், சீனா என்று பல நாடுகள். தரம் கட்டுக்குக் கட்டு மாறும். 'நார்ஃபோக் நாணல்' என்று விலைச்சீட்டில் எழுதியிருந்தாலும் எங்கே அறுத்தது என்று கேளுங்கள்.

இது சரியான தேர்வு: நார்ஃபோக் வீடு, ஏற்கெனவே நாணல் உள்ள கூரை, அல்லது தீயிலோ முந்தைய வேலையிலோ பழைய அடுக்கு முழுக்கப் போய்விட்ட கூரை. கடைசி வகையிலும் அனுமதி தனிக் கேள்வி.

## தீ

எந்தப் பொருளும் இதில் மற்றதைவிடப் பாதுகாப்பானதல்ல, மூன்றும் எரியும். 1969இல் ஆன் ஹாத்வே வீட்டிலேயே தீப்பிடித்தது. விறகு அடுப்பும் புகைபோக்கியும்தான் கவனிக்க வேண்டிய இடம். காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள், புகைபோக்கியை ஆண்டுதோறும் துடையுங்கள், பரணில் உள்ள பழைய மின்கம்பிகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் இவற்றுக்கெல்லாம் சான்று கேட்கும். கூரைப் பொருளை மாற்றினால் அதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

## அந்தப் பக்கிங்ஹாம்ஷயர் வீட்டுக்கு

நான் நீள்வைக்கோல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். 20 ஆண்டுக்கு ஒருமுறை செலவு வரும், உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் மேல் அடுக்குக்கான செலவு மட்டும்தான். கைமரத்தில் கை வைக்கும் பெரிய செலவு வராது. முகட்டையும் மேலே திண்டு போலத் தூக்கிப் பூவேலை செய்யாமல், கூரையோடு கூரையாக மடக்கிவிடும் எளிய முறையில் போடச் சொன்னேன். அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான்.

ஒன்றை மட்டும் முடிவுக்கு முன்பே செய்யச் சொல்லியிருக்கிறேன். சாரம் கட்டுவதற்கு முன், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், ஒரு டார்ச்சும் முகமூடியும் எடுத்துக்கொண்டு பரணில் ஏறுங்கள். பலகையில் மட்டும் முழங்காலை ஊன்றுங்கள், மேலே எதையும் இழுக்காதீர்கள். கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெறும் தூசியா, மினுங்கும் கறுப்பா? கறுப்பு என்றால் நாலு படம் எடுத்து, உள்ளாட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். கூரை வேய வருபவரையும் ஏறிவந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு அவர் எதையாவது உரிக்க வேண்டும் என்றால், எவ்வளவு ஆழம் என்று அங்குலக் கணக்கில் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.